பதினாறு தட்டு

“இன்னும் தொற. ஈ போற அளவுக்கு வாயைத் தொறந்தா பாட்டு வருமா? பஸ் போகணும், பஸ்!” என்று முதல் வரிசைக்கு முன்னால் குனிந்து குனிந்து நடக்கிறார் பாட்டக்கா. இருபத்தெட்டுக் குழந்தைகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். பேச்சின் நடுவே எதிரில் இருப்பவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவார். அனுமதியாவது ஒன்றாவது! சனிக்கிழமை மாலைகளில் நூலகத்து மாடியில் குழந்தைகளுக்குப் பழைய ராக் பாட்டுகள் சொல்லித்தருகிறார். “கத்தறதுக்கு ஒரு கிளாஸா?” என்று கேட்ட புத்திசாலி நான்தான்.

என் சின்ன மகளுக்குக் கரகரத்த குரல். “நீ வாயை மட்டும் அசை, போதும்” என்று பள்ளிப் பாட்டுக்குழுவில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் குளியலறையில்கூடப் பாடவில்லை. வகுப்புக்கு அழைத்துப்போன முதல் நாளே பாட்டக்கா அவளை இரண்டு வரி பாடவைத்தார். “இந்தத் தொண்டையை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க? தனி வரி இவளுக்குத்தான்” என்றார். பெற்றவளுக்கு உறைக்காதது அவருக்கு உறைத்தது. அன்றைக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆண்டுவிழாவுக்கு விருந்தினராக ஒரு டிரம்ஸ்காரரும், நரைத்த குடுமியோடு ஒரு கிடார்காரரும் வந்தார்கள். ஒரே ஒரு ஒத்திகை. “கிடார் தனியா வாசிக்கும்போது மனசுக்குள்ள தாளத்துல பதினாறு தட்டு எண்ணு. முடிஞ்சதும் பாடு. யார் மூஞ்சியையும் பாக்காதே” என்று என் மகளுக்குப் பாட்டக்காவின் பாடம்.

விழா மேடையில் அவள் அப்படியே செய்தாள். கிடார்காரருக்குத்தான் கைதட்டலில் தலைகால் புரியவில்லை. பதினாறு தாண்டியும் மனுஷன் இழுத்துக்கொண்டே போனார். அவள் குரல் அதில் அமுங்கியது. பாதி வரியில் நின்றுவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் அவள் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தமே இல்லாமல். போச்சு, இனி ஜென்மத்துக்கும் பாடமாட்டாள் என்று நினைத்தேன்.

குழந்தைகளுக்கு எதிரே முக்காலியில் ஏறி நின்று பாட்டை நடத்திக்கொண்டிருந்த பாட்டக்கா இரண்டு கைகளையும் உயர்த்தினார். எல்லாம் நின்றது. மைக்கைப் பிடித்து அரங்கத்தைப் பார்த்துச் சொன்னார்:

“பாப்பா எண்ணினது சரி. தப்பு பெரியவங்க பக்கம்.”

கிடார்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஆமா தாயே, என் கை அடங்கல. மன்னிச்சுக்க” என்று அவளிடமே சொன்னார். நல்ல மனுஷன், அவருக்கும் புண்ணியமாகப் போகட்டும்.

பாட்டக்கா என் மகளை முன்னால் அழைத்தார். “இப்ப நீ சத்தமா எண்ணு. நாங்க உன் பின்னால வர்றோம்.”

“ஒண்ணு...” என்றது அந்தக் கரகரத்த குரல், மைக்கில், அரங்கம் முழுக்க. டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தூக்கினார். பாட்டக்கா தன் முக்காலியிலிருந்து இறங்கிப் போய், குழந்தைகளின் வரிசைக் கடைசியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.