கையால் பேசிய சந்து

மெக்கானிக்குக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இடித்துக்கொள்ளும் அந்தக் குறுகலான சந்தின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பஸ் தாமதமானதையும் மருமகள் கோபித்துக்கொண்டு போனதையும் கையாலேயே அவரிடம் சொல்லிவிடுவார்கள். அவருக்குத் தெரியாமல் ரகசியம் பேசுவதென்றால்தான் சிக்கல்; பழக்கத்தில் கை தானாகச் சொல்லிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேச வேண்டும்.

அவருடைய பட்டறை சந்து முனையில் இருந்தது. வண்டியை ஓடவிட்டு, பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைப்பார். அதிர்வை வைத்தே கோளாறு என்னவென்று கண்டுபிடித்துவிடுவார். ஆளுக்கொரு சைகையைப் பெயராக வைத்திருந்தார். தையல்காரருக்கு விரல் கத்தரி. எதிர்வீட்டு அக்காவுக்கு இடுப்பில் இரண்டு கை. பட்டறை எண்ணெய் தன் வாசல்வரை வழிகிறதென்று நாள் தவறாமல் சண்டைக்கு வந்ததால் கிடைத்த பெயர் அது. அக்காவும் மறுக்கவில்லை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது அவளே இடுப்பில் கை வைத்துக் காட்டுவாள்.

ஒருநாள், சந்து வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாக நோட்டீஸ் வந்தது. மூன்று வருடம் எல்லாரும் வாடகை வீடுகளில் சிதறிக் கிடந்தார்கள். திரும்பி வந்தபோது குலுக்கலில் வீடு ஒதுக்கினார்கள். முட்டி வலிக்கார அக்காவுக்கு முதல் பிளாக்கில் தரைத்தளம் விழுந்தது. மெக்கானிக்குக்கு மூன்றாம் பிளாக்கில் எட்டாவது மாடி. சுற்றிலும் வேறு தெருக்காரர்கள்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். ஆனால் மெயின் ரோட்டு ஷெட்டில் வேலை முடிந்து நாலு மணிக்கு அவர் வந்துவிடுவார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்த மனைவி வர ஏழாகும். அதுவரை அவர் கைகளுக்குப் பேச ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை ஏதோ கேட்டார். மெக்கானிக் காதைத் தொட்டுக் கையை விரித்தார். அன்றிலிருந்து அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஒரு மாலை லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே அவர் மட்டும். மணியை அழுத்தினார். "யாரு உள்ள? எந்த மாடி?" என்று ஸ்பீக்கரில் காவலாளி கேட்டிருக்கிறார். பதில் இல்லாததால் யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டார். இன்னொரு லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்ததால் மற்றவர்களும் கவனிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து லிஃப்ட் தானாக நகர்ந்து, வெளியே வந்தவருக்குச் சட்டையெல்லாம் வியர்வை. மனைவி வந்ததும், லிஃப்ட் நின்றதை மட்டும் கையால் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் அக்கா குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

"எட்டாவது மாடிக்கு மாத்திக் குடுங்க."

"முட்டி வலின்னீங்களேம்மா. தரைத்தளத்த யாராவது விடுவாங்களா?" என்றார் அதிகாரி.

"வலிக்கிறது எனக்குத்தானே? லிஃப்ட் இருக்குல்ல."

"அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"சண்ட போட ஒரு ஆளு இருக்கு."

மெக்கானிக்கின் எதிர்வீட்டில் வயதான தம்பதி இருந்தார்கள். தரைத்தளம் என்றதும் அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு வாரத்தில் வீடு கைமாறியது. வந்த அன்றே அக்கா அந்த மாடியின் கதவுகளையெல்லாம் தட்டினாள். "மூணு சைகை கத்துக்கங்க போதும். சாப்டாச்சா, கரண்ட் போச்சு, உதவி வேணும். மிச்சத்த அவரே சொல்லிக் குடுப்பாரு." மணி அடித்துப் பதில் வராவிட்டால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று காவலாளிக்குத் தனிப்பாடம்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, சாப்பிட்டாச்சா என்று கேட்பதாக நினைத்துக் குளிச்சாச்சா என்று கேட்டார். மெக்கானிக் குலுங்கிச் சிரித்தார். குளித்துவிட்டேன் என்று பணிவாகத் தலையாட்டினார்.

புது இடத்துக்குப் புதுச் சொற்கள் தேவைப்பட்டன. லிஃப்ட்டுக்கு, காவலாளிக்கு, எட்டாவது மாடிக்கு எல்லாம் அக்காவும் அவரும் சேர்ந்து சைகை உண்டாக்கினார்கள். பழைய சந்துக்குத்தான் சைகை ஒன்றும் இல்லை. அங்கே இருந்தவரை தரையைக் காட்டினாலே போதும். இங்கே தரையைக் காட்டினால் ஏழாவது மாடி.

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, எதிரே வருகிறவருக்கு வழிவிடுவதுபோலத் தோளை ஒருக்களித்துத் திரும்பினார். அக்காவும் அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் கீழே தையல்காரரைக் கண்டதும் மெக்கானிக் அதேபோலத் தோளைத் திருப்பிக் காட்டினார். யாரும் விளக்காமலே தையல்காரருக்குப் புரிந்துவிட்டது.