வால்வு இருந்த இடத்தில் ஒரு போல்ட்

வண்டி ஏசிக்குக் கேஸ் நிரப்பும் வேலையில் கேஸ்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அழுத்தம் எகிறினால் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து கொஞ்சம் கேஸைக் கக்கும், தணிந்ததும் மூடிக்கொள்ளும். அது கக்கினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வறளச் சொல்வார். அப்பேர்ப்பட்டவர்தான் மனைவியின் தம்பி வேனில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

"மாசத்துல மூணு தடவை கேஸ் போயிடுது, அத்தான். அந்த வால்வை அடைச்சு விடுங்க, சவாரிக்கு நேரமாச்சு" என்று மச்சான் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றான். கேஸ்காரர் வால்வைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு போல்டைத் திருகி, கேஸை நிரப்பிக் கொடுத்தார். கேஸைக் குளிர்வித்து அழுத்தத்தைத் தணிக்கிற முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கவில்லை. அது செத்துக் கிடந்தது.

மறுநாள் உச்சி வெயிலில், நெரிசலுக்குள் வேன் நின்றது. ஏதோ சத்தம் கேட்கிறதே என்று மச்சான் பானெட்டைத் தூக்கியதும் குழாய் வெடித்தது. பீய்ச்சியடித்த கேஸ் அவன் இடது கண்ணை உறைய வைத்துப் பார்வையைப் பறித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் கேஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான். "எவனோ கல்லெறிஞ்சான்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். நீங்க வாயைத் திறக்காதீங்க, அத்தான்."

ஆறு வருஷமாயிற்று. தம்பி வந்துபோகும் நாளிலெல்லாம் சாப்பாடு போடும்போதே மனைவி ஆரம்பித்துவிடுவாள். "கல்லெறிஞ்சவன் கை அழுகித்தான் போகும், பாருங்க."

கேஸ்காரர் தட்டில் கிடக்கும் தன் வலது கையைப் பார்த்தபடி, "அழுகட்டும்" என்பார்.