தொண்டைக்கு ஆசீர்வாதம்

சிவப்பு நாடாவால் குறுக்காகக் கட்டிய இரண்டு மெழுகுவர்த்திகள். பிப்ரவரித் தொடக்கத்தில், புனித பிளேசியார் திருநாளன்று, எங்கள் பங்குக் கோயிலில் ஃபாதர் அவற்றை ஒவ்வொருவர் கழுத்திலும் கத்தரிக்கோல்போல வைத்து, தொண்டை நோய் எதுவும் அண்டாதிருக்க ஜெபிப்பார். முடிந்ததும் நாம் ‘ஆமென்’ சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துகொண்டுதான் அன்று நான் வரிசையில் நின்றேன். என் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் அப்பா நின்றார்.

சர்க்கரை நோயால் அப்பாவுக்குப் பார்வை போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சாந்தோமில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். கோயில் பாடற்குழுவையும் அவர்தான் நடத்தினார். மேல்ஸ்தாயி வரும் இடங்களில் என்னைத்தான் பாடச் சொல்வார். அப்போது நான் அவருடைய மகள். உள்ளுக்குள் ஒருநாளும் நான் மகளாக இருந்ததில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது. அதையும் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். அடையாறில் ஒரு மருத்துவரைப் பார்த்து ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். முடியை வெட்டினேன். சட்டை, பேண்ட்டுக்கு மாறினேன். அப்பாவுக்கு இவை எதுவும் தெரியவில்லை. சில மாதங்களில் குரல் உடைந்தது.

ஒரு காலையில் சமையலறையில் நான் காபி கேட்டதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். “அவர் முன்னால இனிமே வாயத் தொறக்காத. அவருக்கு மிச்சம் இருக்கறது காது ஒண்ணுதான். அதுலயும் இதைப் போட்டுடாத.” தொண்டையில் புண், பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என அன்றைக்கே அவரிடம் சொல்லியும் விட்டாள்.

அதன்பின் வீட்டில் எனக்குப் பேச்சில்லை. ஆமாம் என்றால் மேசையில் விரலால் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. “இன்னும் வலிக்குதாம்மா?” என்று அப்பா கேட்டுவிட்டு, சாப்பாட்டில் கை வைக்காமல் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருப்பார். நான் ஒருமுறை தட்டுவேன். சாயங்கால ஜெபமாலையில் கொஞ்சத்தை என் தொண்டைக்கென்றே ஒதுக்கிச் சொல்வார். வேலை பார்த்த மருந்துக்கடையில் பகலெல்லாம் புதுக்குரலில் ஆசைதீரப் பேசிவிட்டு வருவேன். எங்கள் தெருமுனை வந்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

திருநாளுக்கு என்னைக் கூட்டிப்போவதாக அவர்தான் சொன்னார். கூட்டமாக இருக்கும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அம்மா தடுத்துப் பார்த்தாள். அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார்.

ஃபாதர் பங்குக்குப் புதியவர், எங்களைத் தெரியாது. மெழுகுவர்த்திகள் என் கழுத்தைத் தொட்டன. ஜெபம் முடிந்தது. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகரப் பார்த்தேன். அப்பா நகரவில்லை.

“சொல்லும்மா. ஒரு வார்த்தைதானே? வலிச்சாலும் பரவால்ல, சொல்லு.”

‘சொல்லும்மா’ என்றது காதில் விழுந்ததும் ஃபாதர் என் அரும்பு மீசையைப் பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் முழங்கையில் அப்பாவின் விரல்கள் இறுகின. இல்லாத நோய்க்காக இந்த மனிதர் இன்னும் எத்தனை நாள் மன்றாடுவார்?

“ஆமென்” என்றேன்.

பிடி விட்டது. “யாரு? இப்பப் பேசினது யாரு?”

“நான்தாம்ப்பா.”

பெஞ்சு பெஞ்சாகத் தடவிக்கொண்டு அவர் வெளியே நடந்தார். நான் தொட்டபோது கையை உதறினார். படிக்கட்டில் நின்று, ஊசியைப் பற்றியும் என்னைப் பற்றியும் என்னால் முடிந்தவரை சொன்னேன். பாதியில் நிறுத்தினார்.

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்ப்பா.”

“தொண்டை வலிக்குதா?”

“இல்லப்பா. வலிச்சதே இல்ல.”

“அப்போ இத்தனை நாள் நான் எதுக்கு ஜெபம் பண்ணேன்?”

அவர் கைதட்டி ஆட்டோவைக் கூப்பிட்டார். ஓட்டுநர் அவரை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “சார், உங்க பையன் நின்னுக்கினு கீறாரே, ஏத்திக்கலாமா?”

“எனக்குப் பையன் இல்லப்பா. நீ வண்டிய எடு.”

நொச்சிக்குப்பத்து மீன்கடைகள்வரை நடந்து போய், வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றிருந்தேன். வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது.

அவர் என்னைத் துரத்தவில்லை. ஆனால் என்னை மகளென்றோ மகனென்றோ சொல்ல நேரும் வார்த்தைகளையெல்லாம் தவிர்த்தார். பெயர் சொல்லவில்லை, ‘வந்தாளா’ இல்லை, ‘வந்தானா’ இல்லை. “வந்தாச்சா?”, “சாப்பாடு ஆச்சா?”, “கதவு பூட்டியாச்சா?” ஒரு தமிழாசிரியருக்கு அது சிரமமில்லை. கேட்கிற நான்தான் ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்பேன். நான் இப்போது பேசினேன். அவர் பதில் சொன்னார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மழைக்காலத்தில் அவருடைய கால் விரலில் ஒரு புண் வந்து புரையோடியது. மருத்துவமனையில் சேர்த்தோம். விரல் போனது, கால் பிழைத்தது. அப்பா இன்றும் எங்களோடு இருக்கிறார். எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அறுவைக்கு முன்னான சில நிமிடங்கள்தான். நான் திரைக்கு வெளியே நின்றிருந்தேன். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். உள்ளே நர்ஸ் கேட்டார்: “ஐயா, கூட யாரு வந்திருக்காங்க?”

கட்டில் கிறீச்சிட்டது.

“வெளியில நிக்கிறான். கூப்புடுங்க.”

நர்ஸ் திரையை விலக்கி, “சார், உள்ள வாங்க” என்றார். போனேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார் அப்பா. விரலை எடுக்க வேண்டும், பரவியிருந்தால் பாதம்வரை போகலாம் என்றேன். என் குரல் ஓயும்வரை முகத்தை அசைக்காமல் கேட்டார்.

பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “பயமா இருக்குடா.”