டெக்லன் கேட்ட கடைசிக் கேள்வி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது டெக்லன் அவர்களின் மகள் அழைத்தார். "அப்பா போய்விட்டார்" என்றார். கொஞ்சம் அழுதுவிட்டு, "நேற்றுப் பின்னேரம் நீங்கள்தானே கூட இருந்தீர்கள்? கடைசியாக என்ன சொன்னார்? தேவாலயத்தில் வாசிக்க வேண்டும்" என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

டெக்லன் அவர்கள் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த ஐரிஷ்காரர். பரமட்டா டிப்போவில் பதினான்கு வருடம் என்னோடு பஸ் ஓட்டியவர். கோபக்காரர், ஆனால் நான் விட்ட பிழைகளுக்கெல்லாம் முன்னால் போய் நின்றவர். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்'.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டுவது என் வழக்கம். ஒருநாள் தேநீர் அறையில், "உங்கள் ஐரிஷ் தேசியம் உண்மையான நம்பிக்கையா, வெறும் பிரசாரமா?" என்று சீண்டினேன். கோப்பையை மேசையில் அடித்து வைத்தார். "பிரசாரத்துக்காக ஒருவன் சிறையில் பட்டினி கிடந்து சாவானா?" என்று கத்தினார். இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை.

மிச்சத்தை ஓய்வு பெற்ற பிறகுதான் சொன்னார். எங்கள் வீட்டுக் குசினியில் என் மனைவி, "இன்னும் ஒண்டு எடுங்கோ அண்ணை" என்று வடைத் தட்டை நீட்டினாள். "ஓம்" என்று எடுத்தவர் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். இளமையில் அவர் இயக்கத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதியவராம். தெருவில் சுடப்பட்ட நண்பன் அவர் மடியில், "குளிருது" என்று மட்டும் சொல்லிச் செத்தான். பிரசுரத்தில் அவனது கடைசிச் சொல்லாக இவர் எழுதியது, "அயர்லாந்துக்காக மகிழ்ந்து சாகிறேன்." அவன் தாய் அதையே கல்லறையில் வெட்டுவித்தார். அதை வாசித்துவிட்டு நண்பனின் தம்பியும் இயக்கத்துக்குப் போனான். அவனும் திரும்பவில்லை.

"அப்படியென்றால் நீங்கள் நம்பவில்லையா?" என்றேன்.

"நம்பினேன். நம்பியதால்தான் கை கூசாமல் பொய் எழுத முடிந்தது. அந்தத் தாய் சாகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை."

அன்றுதான் என் கதையையும் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் நானும் அப்படியொரு கடைசி வசனம் எழுதியவன், செத்துப்போன என் நண்பன் ரவியின் பெயரில். அவன் தாய் சரசு மாமி இங்கேதான் இருக்கிறார். வருடம்தோறும் ரவியின் நினைவுநாளில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போவேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "'அம்மா அழக்கூடாது, எனக்கு மண்தான் பெரிசு' எண்டு சொல்லிப்போட்டெல்லோ போனவன், தம்பி. நான் அழமாட்டன்" என்பார். அது என் வசனம். மாமி இன்றுவரை அழவில்லை.

அதன் பிறகு சந்திக்கும்போதெல்லாம் டெக்லன் அவர்கள், "சொல்லிவிட்டீரா?" என்று கேட்பார். நான் பேச்சை மாற்றுவேன்.

திங்கட்கிழமை மருத்துவமனையில், மூச்சு வாங்க வாங்க, கேட்டதும் அதுதான். "ரவியின் தாயிடம் சொல்லிவிட்டீரா?"

"ஓம்" என்றேன். பொய். அவர் முகம் தெளிந்தது. கண்ணை மூடினார். பிறகு பேசவில்லை.

இதை எப்படித் தேவாலயத்தில் வாசிப்பது? சாகக் கிடந்த மனிதரையும் ஏமாற்றியவன் நான். மூன்று நாளாக மாமியின் வீட்டுவாசல் வரை போய்த் திரும்புகிறேன். மணியடிக்கக் கை வரவில்லை. கோழைக்கு எழுதத்தான் வரும்; அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். மாமி இந்தச் சஞ்சிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர்.

மாமி, சாகும்போது ரவி மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணி தாடா" என்றுதான் கேட்டான். என்னிடம் தண்ணீர் இருக்கவில்லை. உங்களை அழவேண்டாம் என்று சொன்னது அவனல்ல, நான்.

டெக்லன், சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.