லா பெயோர்

அந்த வாத்தியாரை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. மனுஷனா அவன்? த்தூ!

என் தங்கை ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நீராவி பட்டுப் பட்டு இரண்டு கையும் தோலுரிந்து கிடக்கும். வரவேற்பு மேசைக்கு ஸ்பானிஷ் தெரிந்த ஆள் வேண்டுமென்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த வேக்காட்டிலிருந்து தப்பிக்க இதுதான் வழி என்று மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

ஷிஃப்ட் முடிந்து அரக்கப்பரக்க ஓடினாலும் பாதி வகுப்பு போயிருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் வாத்தியார் ஆளுக்கொரு ஸ்பானிஷ் பெயர் வைத்திருந்தான். இவள் நுழைந்தால், "வாங்க, லா பெயோர்!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ஏதோ செல்லப் பெயர் என்று இவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து என்னிடம் பீற்றிக்கொள்வாள் வேறு.

"அக்கா, ஸ்பானிஷும் நம்ம பேச்சு மாதிரிதான். வீட்ல பெரியவள், சின்னவள்னு சொல்றோம்ல? அவங்க லா மயோர், லா மெனோர்ங்கிறாங்க. நீ லா மயோர், நான் லா மெனோர். ஆம்பளைன்னா 'லா' போய் 'எல்' வந்துடும். அவ்வளவுதான்!"

நேர்காணலில் மேலாளரும், ஸ்பானிஷ் பேசும் ஓர் அம்மாவும் இருந்தார்கள். பெயர் கேட்டதும் இவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாளாம்: "சோய் லா பெயோர்."

அந்த அம்மா முகம் சுருங்கி, அர்த்தம் தெரியுமா என்று கேட்டு விளக்கினாராம். 'இருக்கிறவர்களிலேயே படுமட்டமானவள் நான்.' மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். "நீயே சொல்லிட்டியேம்மா!" வேலை வேறு யாருக்கோ போனது. சீ, அதுவும் ஒரு சிரிப்பா?

மறுநாள் வகுப்புக்கு நானும் கூடப் போனேன். வாத்தியார் பல்லை இளித்தான். "சும்மா தமாஷுக்குச் சொன்னதும்மா. இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு..."

வாய்க்கு வந்தபடி திட்டத்தான் போயிருந்தேன். தங்கை என் கையை அழுத்தினாள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். லா பெயோர் பொம்பளைக்கு. ஆம்பளைக்கு எல் பெயோர்தானே?"

"கரெக்ட்" என்றான், பழக்க தோஷத்தில்.

"அப்ப நான் கிளம்பறேன், எல் பெயோர்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. இவளைப் பார்த்துத் தினமும் சிரித்த அதே வாய்கள். எனக்கு அதுவும் அருவருப்பாகத்தான் இருந்தது.