பச்சை இலை ஒட்டாத இணையதளம்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்துக் குடோனுக்கும் நடுவில், ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு போகிற அகலத்துக்கு ஒரு சந்து இருக்கிறது. அந்தக் குடோனில் மிளகும் ஏலமும் சுக்கும் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற சேச்சிக்கு நான்தான் பல வருஷமாக இணையதளம் பார்த்துக்கொடுக்கிறேன். என் அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். மலையாளிதான், ஆனால் ஏலக்காய் வாங்கப் போடிக்குப் போய்வந்தே தமிழ் பழகியவர். நாங்கள் தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் என்னிடம் போடித் தமிழ் பேசுவார். எனக்குப் பாதியில் மலையாளம் வந்துவிடும்.

சேச்சியின் இணையதளம் ஓடிய சர்வர் அந்தக் குடோனின் மாடி அறையில்தான் இருந்தது. முன்பு தளத்தை வைத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் கடையை மூடிவிட்டுப் போனதில் அவர் கணவருக்கு யாரையும் நம்ப மனம் வரவில்லை. நம் சரக்கு நம் கூரைக்குள் இருக்கிற மாதிரி நம் கணக்குவழக்கும் இருக்கட்டும் என்று சொல்லி, சொந்தமாக ஒரு மெஷினை வாங்கி வைத்தார். அவர் இறந்த பிறகும் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குளிர்விக்க ஒரு ஏசி, ராத்திரி பகலாக. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்துக்குப் பேட்டரி, அதற்கப்புறம் சந்தில் நிற்கும் டீசல் ஜெனரேட்டர்.

அந்த ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நின்றது. என் கணவர் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் டெர்மினலில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார். அவருக்கு வீசிங் உண்டு. ஜெனரேட்டர் போட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வேர்த்து, இருமி எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான் சேச்சியிடம் அதைச் சொன்னதில்லை. அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வதே என் பிழைப்பாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்படி இருக்கையில் ஐரோப்பாவில் இருக்கிற பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. தங்களுக்குச் சரக்கு விற்பவர்கள் எல்லோரிடமும், சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மூட்டைக்கு என்ன சாக்கு, எந்தக் கப்பல் என்று போய்க்கொண்டிருந்த கேள்விகளுக்கு நடுவில், உங்கள் இணையதளம் எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்றும் ஒன்று. சேச்சிக்கு அது புதுமையாக இருந்தது. வேறு ஏற்றுமதிக்காரர்கள் தங்கள் தளத்தின் அடியில் ஒரு பச்சை இலைப் படம் ஒட்டியிருப்பதை எனக்குக் காட்டி, நமக்கும் அதுமாதிரி ஒன்று போட்டுவிடச் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சர்வரை அந்த அறையிலிருந்து கிளப்ப இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. தேடியதில் தமிழ்நாட்டில் ஒரு கம்பெனி, முழுக்க முழுக்கக் காற்றாலை, சூரிய மின்சாரத்தில் ஓடுகிறோம் என்று விளம்பரம் செய்திருந்தது. இலைப் படத்தையும் அவர்களே கொடுப்பார்களாம். ஆனாலும் சேச்சியின் பெயரில் ஒரு வார்த்தை போகிறதென்றால் விசாரித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தோன்றியது. போன் செய்தேன். விற்பனை ஆளிடம் இரண்டு கேள்வி கேட்டதும் அவர் இன்ஜினியரிடம் மாற்றிவிட்டார். ஒரு பெண் பேசினார்.

"வருஷக் கணக்குல பார்த்தா நாங்க செலவழிக்கிற அளவுக்குக் காற்றாலை கரண்ட் வாங்கிடறோம் மேடம்," என்றார். "ஆனா ஒவ்வொரு மணி நேரமும் அப்படின்னு சொல்ல முடியாது. காத்து இல்லாதப்ப ஊருக்கே வர்ற கரண்ட்தான் எங்களுக்கும் வருது. அதுல நிலக்கரியும் இருக்கு."

அப்படியென்றால் இலை எதற்கு என்று கேட்டேன். இலை பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை என்றார். தங்களைப் போல நிறையப் பேர் வாங்குவதால் காற்றாலை வைப்பவர்களுக்கு ஒரு தைரியம் கிடைக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை என்றும் சொன்னார். அதற்கப்புறம் அவர் கேட்டதுதான் என் மனதில் நின்றது. நீங்கள் இங்கே வரும்போது அங்கே எதை நிறுத்தப்போகிறீர்கள்? நிறையப் பேர் புது இடத்துக்கு வந்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பழையதையும் ஓடவிடுகிறார்களாம். அப்போது முன்பு ஒன்று ஓடிய இடத்தில் இரண்டு ஓடும்.

மறுநாள் காலையில் சேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளங்கையில் கொஞ்சம் மிளகை வைத்து விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பப்பாளி விதையைக் கலந்து மிளகுன்னு விக்கிறவன்கூட, இதுல மிளகும் இருக்குல்லன்னுதான் சொல்வான்," என்றார். "இலை வேண்டாம்."

எனக்குப் பயமாகிவிட்டது. அந்த வாடிக்கையாளர் போய்விட்டால் குடோனில் சுக்கு பொறுக்குகிற பெண்கள் வரைக்கும் அடி விழும். மற்றவர்கள் எல்லோரும் ஒட்டுகிறார்களே என்று மெல்லச் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியானால் இடம் மாற்றுவதே வீண்தானா என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. மாடியிலிருந்து ஏசியின் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. நம் தளத்தைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அந்த மெஷின் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது, சும்மா இருப்பதையும் குளிர வைக்கத்தான் இத்தனை கரண்ட் என்று சொன்னேன். புது இடத்தில் ஒரே மெஷினை எத்தனையோ தளங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். காற்றே அடிக்காவிட்டாலும் நம் பங்குக்கு ஆகிற செலவு இங்கே ஆவதைவிட ரொம்பக் குறைவு. சேச்சி மிளகைத் தட்டில் கொட்டிவிட்டு, அப்புறம் எதற்குக் காத்திருக்கிறாய் என்றார்.

மாற்றுவதற்கு முன்னால் தளத்தின் கனத்தைக் குறைக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் கனமானது முகப்பில் தானாக ஓடுகிற வீடியோ. முற்றத்தில் சுக்கு காய்வதும், பெண்கள் பொறுக்குவதும், பின்னால் காயல் தண்ணீரும் படகும். அதில் ஓர் இடத்தில் சேச்சியின் கணவர் வெள்ளை வேட்டியோடு நடந்து போவார். ஒருவர் ஏலக்காய் விலை கேட்கத் தளத்தைத் திறந்தாலும் அந்த வீடியோ முழுவதும் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதை எடுத்துவிடலாமா என்று கேட்காமல் நாள் கடத்தினேன். கடைசியில் கேட்டேன்.

"பாக்கணும்னு நினைக்கிறவங்க தொட்டா வருமா?"

"வரும் சேச்சி."

"அது போதும். கேக்காதவங்க முன்னாடியெல்லாம் அவரை நடக்க விட்டுட்டு இருந்தோம்."

மழைக்காலம் தொடங்கியிருந்தது. தளத்தை முதலில் அனுப்பிவிட்டு, எந்த மலையில் வாங்கிய மிளகு யாருக்குப் போயிற்று என்கிற பழைய ஆர்டர் விவரங்களை அதற்கப்புறம் அனுப்ப ஆரம்பித்தேன். வெளிநாட்டில் எப்போது வேண்டுமானாலும் அதைக் கேட்பார்கள், காட்டியாக வேண்டும். பாதி போய்க்கொண்டிருக்கும்போது, மத்தியானம், காயலில் கடல்நீர் ஏற்றம் வந்து ஓடை வழியாகத் தண்ணீர் சந்துக்குள் ஏறியது. எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் அது அடிக்கடி வருகிறது. மின்வாரியத்தில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். பேட்டரி மெஷினை மட்டும் கொஞ்ச நேரம் தாங்கியது. ஜெனரேட்டரைப் போடப் போன குடோன் ஆள், அதற்குள் தண்ணீர் போய்விட்டது, கிளம்பவில்லை என்று முழங்கால் வரை நனைந்து வந்து சொன்னார். ஏசி ஏற்கெனவே நின்றிருந்தது. அறை கொதித்தது. பேட்டரி தீர்ந்து, என் கண் முன்னால் மெஷினும் அணைந்தது.

தண்ணீர் வடிந்து, மறுநாள் காலையில் கரண்ட் வந்தபோது மெஷின் கீச் கீச்சென்று சத்தம் போட்டதே தவிர எழுந்திருக்கவில்லை. டிஸ்க் போய்விட்டது. சேச்சி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அவர் தன் பக்கத்தில் என்னென்ன வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைக்காமலே தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் கணவர் சாயா போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார். போனில் சாவிகள் தட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஆர்டர் எல்லாம் வந்திருக்கு மேடம்," என்றார் அவர். "கடைசியா வந்துட்டிருந்த போட்டோ ஃபோல்டர் மட்டும்தான் பாதியில நிக்குது."

அந்தப் படங்களைச் சுருக்கித் தளத்தில் நான் ஏற்கெனவே ஏற்றியிருந்தேன். போனது அவற்றின் பெரிய பிரதிகள்தான், யாருக்கும் தேவைப்படாதவை. அவருக்கு எப்படி நன்றி சொன்னேன் என்று நினைவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சந்தைத் தாண்டி ஓடினேன். சேச்சி, நான் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் கிடந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சரக்கின் மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வாடிக்கையாளருக்குப் பதிலை இருவருமாகச் சேர்ந்து எழுதினோம். எங்கள் தளம் இப்போது பலரும் பங்குபோடும் சர்வரில் இருக்கிறது, அவர்கள் வருஷக் கணக்கில் காற்றாலை மின்சாரம் வாங்குகிறார்கள், ஆனால் எல்லா நேரமும் அதில்தான் ஓடுகிறது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது, இங்கே ஒரு ஏசியையும் ஒரு டீசல் ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டோம், பக்கங்களின் கனத்தைக் குறைத்துவிட்டோம். அவ்வளவுதான். அனுப்பிவிட்டு நாட்களை எண்ணாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பதில் வந்தபோது சேச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்தார். விவரத்துக்கு நன்றி, குறித்துக்கொண்டோம் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே, வரப்போகிற மிளகில் ஈரப்பதம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டிருந்தார்கள்.

"ஈரப்பதம் கேக்கறாங்க," என்றார் சேச்சி. "பிழைச்சோம்."

ஜெனரேட்டரை அவர் பழுது பார்க்கவில்லை. அது அந்த அறைக்காகத்தான் இருந்தது. குடோன் விளக்குகளுக்கு இன்வெர்ட்டரே போதும். பழைய இரும்புக் கடைக்காரர்கள் வந்து அதைத் தூக்கிச் சென்ற வாரத்தில் என் கணவருக்கு நைட் ஷிஃப்ட். ஒரு நாள் சாயங்காலம் எழுந்து வந்தவர், இன்றைக்குக் கரண்டே போகவில்லை போலிருக்கிறதே என்று கேட்டார். இரண்டு தடவை போயிற்று என்றேன். ஜன்னல் திறந்தேதான் கிடந்தது.

இதனால் பூமிக்கு எவ்வளவு மிச்சம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அங்கே நிற்கிற தொழிற்சாலைப் புகைக்கூண்டுகளைப் பார்த்தால், ஒரு குடோன் மாடியில் ஒரு மெஷினை அணைத்ததெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் சந்தில் அது ஒரு விஷயம்தான். இப்போது வேறு யாராவது இலை ஒட்டித் தரச் சொன்னால், எதை நிறுத்தப்போகிறீர்கள் என்றுதான் நானும் முதலில் கேட்கிறேன். சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சிலர் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பழைய மெஷினையும் பேட்டரிகளையும் குப்பையில் போடக் கூடாது என்பதில் சேச்சி உறுதியாக நின்றார். இடப்பள்ளியில் எலக்ட்ரானிக் கழிவு எடுக்கிற கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். கடைக்காரர் மெஷினைக் கழற்றி, இது உருக்கப் போகும், இது மறுபடி வேலைக்கு ஆகும் என்று பிரித்து வைத்தார். சேச்சி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவரை நினைத்துக்கொள்கிறார் என்றுதான் நான் எண்ணினேன். அவர் திரும்பி, பக்கத்தில் ஃபேன் கடை எங்கே இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டார்.

ஏசிக்காக அடைத்து வைத்திருந்த மாடி அறை ஜன்னல்களைத் திறந்தால் காயல் காற்று நேராக வருமாம். இனிமேல் அதையே ஆபீஸ் அறையாக வைத்துக்கொள்ளப் போகிறாராம். ஒரு சீலிங் ஃபேன் வாங்கி டிக்கியில் வைத்தோம். மேசையை எந்தப் பக்கம் போட்டால் வெளிச்சம் நன்றாக விழும் என்று மட்டாஞ்சேரி வரும் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.