அரை மணி நேரப் பேரம்

ஏலம் என்றால் விலையைக் கூட்டிக் கேட்பது என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. பனித்திட்டு மீன்காரி சிந்தாமணி குறைத்துக் கேட்பாள். படகு கரையேறி, மீனை மணலில் கொட்டி, ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்தி, மூன்று முறை சொல்லி முடித்த பிறகு, அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்பாள். "செரி, அது கெடக்குது. எனக்கு இன்னா வெலைக்குக் குடுப்ப?" என்பாள். இருபது வருடமாக இதற்குப் பதில் சொல்லிக் களைத்துப்போன ஏலக்காரர், நாலு சங்கரா மீனைக் கூடப் போட்டு அனுப்பிவிடுவார்.

ஐம்பத்து மூன்று வயதில் அவள் கண்டுபிடித்திருந்த உண்மை ஒன்றுதான். முதலில் வாயைத் திறக்கிறவர் எவரும் உண்மை விலையைச் சொல்வதில்லை. இதை அவள் மீனோடு நிறுத்தியிருந்தால் ஊருக்கு நல்லது. மகள் கீர்த்தி பிளஸ் டூ கணக்கில் முப்பத்திரண்டு வாங்கியபோது பள்ளிக்கூடத்துக்கே போய், "மூணு மார்க்குதானம்மா, போட்டு வுடுங்க, கொழந்த போணி ஆவட்டும்" என்று டீச்சரிடம் கேட்டவள் அவள். ரத்த அழுத்தம் நூற்று எழுபது என்று சொன்ன நர்சிடம், "நூத்தி அம்பதுன்னு எழுதிக்கம்மா, நானும் உப்பக் கொறைச்சிக்கிறேன்" என்றாள். நர்ஸ் எழுதவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்று ஐம்பதுதான் இருந்தது. பேரம் படிந்துவிட்டது என்றே சிந்தாமணி தெருவில் சொல்லிக்கொண்டாள்.

இப்படிப்பட்டவளைத்தான் கீர்த்தியின் தலைப்பிரசவத்துக்கு, நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ அறைக்குள் துணைக்கு விட்டார்கள். ஒரு பெண்தான் உள்ளே இருக்கலாம் என்பது விதி. கீர்த்தியின் மாமியார் ஆதிலட்சுமி தானும் வருவேன் என்றாள்.

"ஒருத்தருதான்" என்றார் வாசல் காவலாளி.

"ஒன்றரைன்னு வெச்சிக்கயேன். சம்மந்தி பாரு, அரை ஆளுக்கு மேல தேறாது" என்றாள் சிந்தாமணி.

அது படியவில்லை. ஆதிலட்சுமி வெளியே பெஞ்சிலேயே தங்கினாள். அரை ஆள் என்று சொன்னதை மட்டும் பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் சேர்த்தது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கீர்த்தியின் உதடுகள் வெயிலில் கிடந்த கருவாடாகக் காய்ந்திருந்தன. வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வில்லாக வளைத்தாள். வலி போகும்போது அம்மாவைத் திட்டினாள்.

"யம்மா, என்னால முடியல. அறுத்து எடுத்துடச் சொல்லு."

"எல்லாரும் அப்டிதான்டி சொல்லுவோம். உன்ன பெக்கறப்ப நான் உங்கப்பன வெட்டிப் போடச் சொன்னேன். வெட்டிட்டாங்களா? வலைய வெச்சிக்கினு வூட்லதான குந்திக்கினு கீறாரு."

இதற்குப் பெயர் சுகப்பிரசவம். இந்தப் பெயரை வைத்தவர் யார் என்று தெரியாது. ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் பிரவீணாவுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். முந்தின நாள் காலையில் டியூட்டிக்கு வந்தவள். தலைமுடி கிளிப்பை விட்டு வெளியே வந்து நெடுநேரமாகியிருந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, கர்ப்பப்பை வாய் மூணு மணி நேரமா அதே எட்டு சென்டிமீட்டர்லயே நிக்குது. வலி வர்ற மருந்து ஏத்தியும் தல எறங்கல. இப்ப மணி பதினொன்னு பத்து. இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா ஆபரேஷன்தான். அவங்க ஹஸ்பண்டக் கூப்புடுங்க, கையெழுத்து வேணும்."

அவ்வளவு நீளமாகச் சொன்னதில் சிந்தாமணியின் காதில் விழுந்தது ஒரு எண் மட்டும்தான். ஒரு மணி நேரம். முதல் விலை.

மருமகனைக் கூப்பிட வெளியே வந்தாள். பெஞ்சில் ஒரு பாராளுமன்றமே கூடியிருந்தது.

"வவுத்தக் கீறிட்டா அப்புறம் அன்னக்கூடையத் தூக்குவாளா? உங்க தங்கச்சி அமிர்தத்தப் பாத்துமா புத்தி வரல சம்மந்தி?" என்றாள் ஆதிலட்சுமி. அமிர்தத்துக்கு இரண்டு ஆபரேஷன். இரண்டாவதற்குப் பிறகு குடல் இறங்கி, இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் வீட்டோடு இறால் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"டியூட்டி மாறதுக்குள்ள வேலய முடிக்கப் பாப்பாங்க. அவங்க அவசரம் அவங்களுக்கு" என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி. அவள் மகளுக்கு நேற்று ஆபரேஷன் நடந்திருந்தது.

"அதெல்லாம் இல்ல. சீக்கிரம் அறுத்தா நல்லது. என் மருமவளுக்குக் காத்துக்கினே இருந்துட்டாங்க" என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மருமகன் மணிமாறன் பதினாறு வயதிலிருந்து கடலில் இருப்பவன். அலை எந்தப் பக்கம் புரளும் என்று படுத்துக்கொண்டே சொல்வான். ஆஸ்பத்திரித் தரையில் அவனால் நேராக நிற்க முடியவில்லை.

"அத்த, கடலுன்னா நான் சொல்லுவேன். இது எனக்குத் தெரியாது. நீங்க எந்த எடத்துல போடச் சொல்றீங்களோ அங்க கையெழுத்துப் போட்டுடறேன்."

ஆக, முடிவு மறுபடியும் சிந்தாமணியின் தலையில் வந்து உட்கார்ந்தது. அமிர்தம் குனிய முடியாமல் குனிந்து முறத்தை எடுப்பது கண்ணுக்குள் வந்தது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவதும் வந்தது. எது கனம் என்று கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லக்கூடியவள்தான் அவள், தராசே வேண்டாம். இதை எங்கே பிடித்துத் தூக்குவது என்றுதான் தெரியவில்லை. தெரியாத இடத்தில் தெரிந்த வேலையைச் செய்தாள். உள்ளே திரும்பிப் போய் டாக்டர் முன்னால் நின்றாள்.

"டாக்டரம்மா, ரெண்டு மணி நேரம் குடும்மா."

"ஒரு மணி நேரம்னு சொன்னேனே."

"நீ சொன்ன, நான் கேக்குறேன். ரெண்டு."

"இது மீன் மார்க்கெட் இல்லம்மா."

"அதனாலதாம்மா கேக்குறேன். மீனுன்னா நானே முடிவு பண்ணிருக்க மாட்டேன்?"

பிரவீணா சிரித்துவிட்டாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். அந்தச் சிரிப்பைச் சிந்தாமணிக்கு நன்றாகத் தெரியும். எதிராளி சிரித்தால் விலை இறங்கப்போகிறது.

"தலப்பிள்ளம்மா. இன்னும் கொஞ்சம் நேரம் வுட்டா தானா வந்துடும். வாழ்நாள் பூரா மீன் கூடையத் தூக்க வேண்டிய பொண்ணு."

பிரவீணா மெஷினிலிருந்து வந்த காகிதத்தை இழுத்துப் பார்த்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. "சரி, ஒன்றரை. பன்னெண்டு நாப்பது வரைக்கும். நடுவுல பீட் கொறஞ்சுதுன்னா ஒரு வார்த்த பேசக்கூடாது. நேரா ஆபரேஷன் தியேட்டர்."

"படிஞ்சுது" என்றாள் சிந்தாமணி.

கட்டிலிலிருந்து கீர்த்தி தலையைத் திருப்பினாள். "யார வெச்சும்மா பேரம் பேசுற? வலி உனக்கா, எனக்கா?"

சிந்தாமணி கட்டில் அருகே வந்தாள். ஈரத்துணியால் மகளின் உதட்டைத் துடைத்தாள்.

பன்னிரண்டு பத்து ஆனது. டாக்டர் கொடுத்த நேரம் அதோடு முடிந்தது. இனி ஓடுவது சிந்தாமணி வாங்கிய நேரம். ஆரம்பத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பிறகு கவனித்தாள். கீர்த்தி திட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஏன்டி, வலி இல்லியா?"

"இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள்.

மகளின் வயிற்றில் கட்டியிருந்த பெல்ட்டிலிருந்து வந்த சத்தம் காலையிலிருந்து படகு இன்ஜின் மாதிரி ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் சத்தத்தை வைத்தே தூரத்தில் வருவது யார் படகு என்று சொல்கிற ஊர்க்காரி அவள். பன்னிரண்டு இருபதுக்கு, மெஷினைப் பார்க்காமலே, அந்த ஓட்டம் இடறுவதைக் கேட்டாள். ஒரு வலி வந்தது, சத்தம் இறங்கியது. வலி போயிற்று, சத்தம் ஏறவில்லை.

"நர்சம்மா!"

நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தாள். பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்துகொண்டிருந்தது. "மேடம், பாப்பா உள்ளயே மோஷன் போயிடுச்சு. பீட் நூத்தி நாப்பதுலேர்ந்து எண்பதுக்கு வந்துடுச்சு!"

பிரவீணா ஓடி வந்தாள். கீர்த்தியை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மூக்கில் ஆக்சிஜன் மாட்டினாள். ஏறிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தினாள். சிந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, அந்த அரை மணி நேரம் வாணாம். நீயே எடுத்துக்க. திருப்பி எடுத்துக்க. இப்பவே அறுத்துடு."

"தியேட்டர்ல ஒரு ரெட்டைப் பிள்ள கேஸ் போய்க்கிட்டு இருக்கும்மா. பத்து நிமிஷம் ஆகும். கைய வுடுங்க."

"அஞ்சு நிமிஷம்" என்றது சிந்தாமணியின் வாய். அவள் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. விற்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

பத்து நிமிடம் பதினைந்து ஆனது. மணிமாறன் கையெழுத்துப் போட்டான்; பேனா காகிதத்தைக் கிழித்தது. தள்ளுவண்டியில் போகும்போது கீர்த்தி கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மாவைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள்.

தியேட்டர் கதவுக்கு வெளியே சிந்தாமணி எல்லையம்மனைப் பிடித்துக்கொண்டாள். அம்மனிடமும் அவள் இதுவரை கறாராகத்தான் நடந்துகொண்டவள். பொங்கல் என்று வேண்டிக்கொண்டு தேங்காயில் முடித்துக்கொண்ட வருடங்கள் உண்டு. இப்போது செடல் திருவிழாவுக்கு அலகு குத்திக்கொள்கிறேன் என்றாள். பிறகு மொட்டையும் போடுகிறேன் என்றாள். பிறகு மூன்று வருடம் குத்திக்கொள்கிறேன் என்றாள். பிறகு இருக்கிற வரைக்கும் என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஏலத்தை ஏலமாகக் கேட்டாள், கூட்டிக் கூட்டி. எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. ஆனாலும் முடித்துக் கொடுப்பார் யாரும் இல்லை.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே கத்தரிக்கோல் வைக்கிற சத்தம், யாரோ ஓடுகிற சத்தம், உறிஞ்சுகிற மெஷின் சத்தம், எல்லாம் கேட்டன. கேட்க வேண்டிய சத்தம் மட்டும் கேட்கவில்லை. கதவு திறந்து, பச்சைத் துணிக்குள் ஒன்றை வைத்து, வாயில் குழாயோடு, இரண்டு பேர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கால் தெரிந்தது. அதன் நிறத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"பொண்ணு" என்று யாரோ சொன்னார்கள். "அம்மா நல்லா இருக்காங்க."

பெஞ்சில் ஆதிலட்சுமி பக்கத்திலிருந்தவளிடம், "நான் அப்பவே அடிச்சிக்கினேன், அறுத்துடுங்கன்னு. அரை ஆளு பேச்ச யாரு கேக்குறா?" என்று அழுதுகொண்டிருந்தாள். அழுகை உண்மையானது. மற்றதை அவளும் இப்போது நம்பத் தொடங்கியிருந்தாள்.

பிரவீணா வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். சிந்தாமணி எதிரே போய் நின்றாள்.

"அந்த அரை மணி நேரம் நான் கேக்காம இருந்திருந்தா?"

"தெரியலம்மா."

"தெரியாம இருக்காது. சொல்லு."

"நெசமா தெரியல. பன்னெண்டு பத்துக்கு எடுத்திருந்தா அழுதிருக்கலாம். அதுக்கு முன்னாடியே உள்ள ஏதாவது ஆரம்பிச்சிருக்கலாம். நீங்க கேட்டீங்க. நான் குடுத்திருக்கக் கூடாதோ என்னமோ." அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "எனக்கே தெரியல."

எவ்வளவு இழுத்தாலும் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தன் பங்கு எவ்வளவு, டாக்டர் பங்கு எவ்வளவு, விதியின் பங்கு எவ்வளவு என்று யாராவது சொல்லியிருந்தால் சிந்தாமணி தலையில் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். எவ்வளவு கனமாக இருந்தாலும்.

சாயங்காலம் குழந்தை டாக்டர் வந்தார். சோர்ந்த முகமும் மெல்லிய குரலும் கொண்ட மனிதர். மணிமாறனும் சிந்தாமணியும் எழுந்து நின்றார்கள்.

"மூளைக்குக் காத்து கொஞ்ச நேரம் சரியா போகல. அதனால பாப்பா உடம்ப மூணு நாள் குளிர்ச்சியா வெச்சிப் பாக்குறோம். மூணு நாள் கழிச்சி மெல்ல சூடு ஏத்துவோம். அதுக்கப்புறம்தான் எதையும் சொல்ல முடியும்."

"குளிர்ச்சின்னா?" என்றாள் சிந்தாமணி. "ஐஸுலயா?"

"ஐஸ் இல்லம்மா. அதுக்குன்னு மெத்த இருக்கு. கிட்டத்தட்ட அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க."

முப்பது வருடமாக அவள் ஐஸில் வைத்தவை எல்லாம் கண்ணைத் திறந்தபடி கிடந்தவை. "உசிரு இருக்கறத யாரு சார் ஐஸுல வெப்பாங்க?"

"இருக்கறதாலதாம்மா வெக்கிறோம்."

மணிமாறன் அத்தையைப் பார்த்தான். அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். ரெண்டு நாளாக்குங்க சார் என்பாள்.

"அஞ்சு நாள் வெச்சிக்க சாமி" என்றாள் சிந்தாமணி. "ஒரு வாரம்னாலும் வெச்சிக்க."

"மூணுதாம்மா. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

அவள் வாய் திறந்தது. மணிமாறன் காத்திருந்தான். உள்ளே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு மெஷின் சீராக அடித்துக்கொண்டிருந்தது. அது யாருடைய குழந்தையுடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"செரி" என்றாள்.

பெஞ்சுக்கு வந்து, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கீர்த்தி மயக்கம் தெளிந்து குழந்தையைக் கேட்கிறாள், அம்மாவை வரச்சொல்கிறாள் என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள். சிந்தாமணி எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.